பட்டத்தின் பெயரும் பத்தாண்டுக் கணக்கும்

இயந்திரப் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் போட்ட பணத்தைத் திருப்பித் தராது என்ற பேச்சு, கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் குடும்பங்களில் ஏறக்குறைய முடிந்த முடிவாகிவிட்டது. எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த வாரத்தில் உறவினர் வீட்டுக் கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் இதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, இது முழு இன்ஜினியர் பட்டம் இல்லை, பெயருக்கு முன்னால் தொழில்முறைப் பொறியாளரின் ‘ஐ.ஆர்.’ அடைமொழியைப் போட முடியாது என்பது. இரண்டாவது, படித்து முடித்தவர் வாங்கும் முதல் சம்பளத்தைவிடக் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுபவர் அதிகம் சம்பாதிக்கிறார் என்பது. மூன்றாவது, இயந்திரத்தோடுதான் வேலை என்றால் கைத்திறன் சான்றிதழே போதும், நான்கு வருடப் பட்டம் எதற்கு என்பது.

மூன்றிலும் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. மூன்றையும் கூட்டி எடுக்கும் முடிவுதான் தவறு. ஒரு பட்டத்தின் பண மதிப்பை அதன் பெயரும் சொல்லாது, முதல் மாதச் சம்பளச் சீட்டும் சொல்லாது. அதற்குக் கொடுத்த விலை எவ்வளவு, வேலையில் சேர்ந்த முதல் பத்தாண்டில் அது எந்தப் பொறுப்புகளுக்கு வழிவிடுகிறது என்ற இரண்டு கணக்குகளில்தான் அந்த மதிப்பு இருக்கிறது. அப்படிப் பார்த்தால், முறையான அங்கீகாரத்தோடும் அளவான கடனோடும் பெறப்படும் இந்தப் பட்டம் ஒரு தொழிலாளர் குடும்பம் செய்யக்கூடிய நல்ல முதலீடுகளில் ஒன்று.

முதலில் இந்தப் பட்டம் எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் பொறியியல் கல்வி கணிதத்தையும் அறிவியல் கோட்பாட்டையும் நோக்கி நகர்ந்தது. 1955இல் வெளிவந்த கிரின்டர் அறிக்கை அந்தப் போக்கை உறுதிப்படுத்தியது. பாடத்திட்டத்தில் பட்டறையும் ஆய்வுக்கூடமும் சுருங்கியதால், ஆலைத் தளத்தில் இயந்திரங்களை நிறுவி, ஓட்டி, பழுது நீக்கி, மேம்படுத்தும் பட்டதாரிகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்த இடத்தை நிரப்பத்தான் 1960களில் நான்காண்டுப் பொறியியல் தொழில்நுட்பப் பட்டங்கள் பரவின. பொறியியலில் இடம் கிடைக்காதவர்களை ஒதுக்கிவைக்க யாரும் இதை உருவாக்கவில்லை. தொழிற்சாலைகள் கேட்டதால் உருவானது.

உலக அளவிலும் இதற்குத் தனித் தகுதி உண்டு. பொறியாளர் பட்டங்களுக்கு 1989ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்படிக்கை இருப்பதுபோல, தொழில்நுட்பவியலாளர் பட்டங்களுக்கு 2001ஆம் ஆண்டின் சிட்னி உடன்படிக்கை இருக்கிறது. முதலாவதில் மலேசியா 2009இல் முழு உறுப்பினரானது. இரண்டாவதில் 2018இல் சேர்ந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், அயர்லாந்து, கனடா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகள் சிட்னி உடன்படிக்கையில் இருக்கின்றன. அதன்படி அங்கீகாரம் பெற்ற பட்டத்தோடு அந்நாடுகளில் வேலை தேடுபவர், தம் படிப்பு என்ன தரம் என்பதை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியதில்லை.

உள்நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1967ஆம் ஆண்டின் பொறியாளர் பதிவுச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது, பொறியியல் தொழில்நுட்பவியலாளர் என்ற பதிவுப் பிரிவு சேர்க்கப்பட்டது. அதே 2015இல் தொழில்நுட்பவியலாளர், தொழில்நுட்பர் சட்டம் தனியாக இயற்றப்பட்டு, அதன் கீழ் மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியம் அமைந்தது. அங்கே பதிவு செய்து, அனுபவம் சேர்த்து, மதிப்பீட்டில் தேறியவர் ‘டி.எஸ்.’ என்ற அடைமொழியைப் பெறுகிறார். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் பொறியியல் பட்டமும் பொறியியல் தொழில்நுட்பப் பட்டமும் ஒரே ஆறாம் நிலையில்தான் இருக்கின்றன. இரண்டாந்தரம் என்ற பெயர் பேச்சுவழக்கில் மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி முதல் காரணம். இந்தப் பட்டம் வழக்கமான பாதையில் ‘ஐ.ஆர்.’ தகுதிக்குக் கொண்டுபோகாது என்பது உண்மை. பட்டதாரிப் பொறியாளராகப் பதிவு பெற வாஷிங்டன் உடன்படிக்கைத் தரத்திலான பட்டம் வேண்டும். அரசாங்கத்தில் பொறியாளர் பதவிக்குப் போக நினைப்பவருக்கும் கட்டடங்களுக்கான இயந்திர அமைப்புகளை வடிவமைக்கும் ஆலோசனை நிறுவனம் நடத்த விரும்புபவருக்கும் இது பெரிய தடைதான். அவர்கள் பொறியியல் பட்டத்துக்கே போக வேண்டும்.

ஆனால், ‘ஐ.ஆர்.’ என்ற அடைமொழி எந்த இடத்தில் பணமாகிறது என்று கேட்க வேண்டும். வரைபடத்தில் கையெழுத்திட்டு அதிகாரிகளிடம் சமர்ப்பிக்கும் உரிமை, தொழில்முறைப் பொறியாளராகத் தேறி, தொழில் நடத்தும் சான்றிதழும் பெற்றவருக்கே உண்டு. அந்தக் கையெழுத்துக்குத்தான் சந்தையில் தனி விலை. ஷா ஆலாம், மேரு, காப்பார், பூலாவ் இண்டா தொழிற்பேட்டைகளில் பராமரிப்பு, உற்பத்தி, தரக்கட்டுப்பாடு, கொள்முதல், இயந்திர விற்பனை ஆகியவற்றில் இருப்பவர்களின் அன்றாட வேலைக்கு அந்தக் கையெழுத்து தேவைப்படுவதில்லை. பொறியியல் பட்டம் பெற்று ஆலைக்குப் போனவர்களிலும் பலர் அந்தத் தகுதித் தேர்வு வரை போவதே இல்லை. வாழ்நாளில் பயன்படுத்தப் போகாத ஒரு கையெழுத்தை இழப்பாக எழுதி, பட்டத்தின் மதிப்பிலிருந்து கழிப்பது கணக்காகாது.

இரண்டாவது காரணம் சம்பளம். இங்கே ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஒவ்வொரு குடும்பமும் தன் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.

பதினெட்டு வயதில் ஒருவர் கிடங்கு வேலைக்குப் போகிறார். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். முதல் ஐந்து ஆண்டுகளில் அவர் சராசரியாக மாதம் 1,800 ரிங்கிட் வாங்கினால் மொத்தம் 108,000 ரிங்கிட். அதே ஐந்து ஆண்டுகளை இன்னொருவர் புகுமுகப் படிப்பிலும் அரசாங்கப் பல்கலைக்கழகப் பட்டத்திலும் செலவிடுகிறார். கட்டணத்துக்கும் தங்குமிடத்துக்கும் 30,000 ரிங்கிட் ஆகிறது. வராமல் போன சம்பளத்தையும் சேர்த்தால் பட்டத்தின் உண்மையான விலை 138,000 ரிங்கிட். கட்டணத்தை மட்டும் விலையாக எண்ணுவது பெற்றோர் வழக்கமாகச் செய்யும் தவறு.

இருபத்துமூன்று வயதில் பட்டதாரி 2,800 ரிங்கிட்டில் தொடங்குகிறார். கிடங்குக்காரர் அப்போது 2,000 வாங்குகிறார். வித்தியாசம் மாதம் 800 மட்டுமே. பட்டத்தைப் பழிப்பவர்கள் கணக்கை இந்த இடத்தில் மூடிவிடுகிறார்கள். வித்தியாசம் கடைசிவரை 800 ஆகவே நின்றால் அவர்கள் சொல்வது சரி: 138,000 ரிங்கிட்டை மீட்கப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால், ஐந்தாம் ஆண்டு முடிவில் பட்டதாரி 4,500 ரிங்கிட்டையும் பத்தாம் ஆண்டு முடிவில் 6,000 ரிங்கிட்டையும் எட்டுகிறார், கிடங்குக்காரர் அதே ஆண்டுகளில் 2,300, 2,700 என்று ஏறுகிறார் என்று வைத்துக்கொண்டால், முதல் ஐந்தாண்டில் மீட்பு 90,000 ரிங்கிட், அடுத்த ஐந்தாண்டில் 165,000 ரிங்கிட். போட்ட பணம் ஏழு ஆண்டுக்குள், அதாவது முப்பது வயதுக்குள், திரும்பிவிடுகிறது. இதற்கு மேல் ஊழியர் சேமநிதி இருக்கிறது. 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடும், அதற்கு மேல் 12 விழுக்காடும் கட்டுகிறார். சம்பளம் உயர உயர அந்தத் தொகையும் பொதுவாக உயர்கிறது.

கொள்கலன் லோரி ஓட்டுநரோடு ஒப்பிட்டால் கணக்கு கடினமாகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. இருபத்தொரு வயதில் ‘இ’ உரிமம் எடுத்து மாதம் 4,000 ரிங்கிட் சம்பாதிக்கும் ஒருவரை, மேலே சொன்ன பட்டதாரி மாதச் சம்பளத்தில் எட்டவே மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இழந்த சம்பளம், படிப்புச் செலவு எல்லாவற்றையும் கூட்டினால், மொத்தக் கணக்கில் அவரை முந்தும்போது பட்டதாரி நாற்பதை நெருங்கியிருப்பார். அந்த ஓட்டுநரின் உழைப்பு எந்தப் பட்டத்துக்கும் குறைந்ததல்ல. ஆனால் அவர் வருமானத்தின் பெரும்பகுதி ட்ரிப் கணக்கில் வருகிறது. துறைமுகத்தில் வரிசை நீண்டால் ட்ரிப் குறையும். முதுகுவலி வந்தாலும் குறையும். மலேசியாவில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. நாற்பதிலிருந்து அறுபது வரை இன்னும் இருபது ஆண்டுகள் இருக்கின்றன. உடல் தளரத் தொடங்கும் அந்த இருபது ஆண்டுகளில் யார் சம்பளம் ஏறும், யார் சம்பளம் இறங்கும் என்பதை முதல் மாதச் சம்பளச் சீட்டு சொல்லாது.

ஆகவே, எல்லாமே சம்பளம் ஏறும் வேகத்தைப் பொறுத்திருக்கிறது. அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டு ஆலைகளில் காணலாம்.

உலகில் ரப்பர் கையுறைகளை அதிகம் செய்யும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மேரு வட்டாரம் அந்தத் தொழிலின் முக்கிய மையங்களில் ஒன்று. கையுறை ஆலையில் ஆயிரக்கணக்கான பீங்கான் கை அச்சுகள் நீண்ட சங்கிலியில் தொங்கி இரவும் பகலும் ஓடுகின்றன. அமிலத்திலும் காரத்திலும் கழுவப்பட்டு, உறைய வைக்கும் கரைசலில் முங்கி, பிறகு ரப்பர் பாலில் முங்கி, அடுப்புக்குள் போய் வெந்து வருகின்றன. சங்கிலியின் ஒரு பேரிங் இறுகினால் வரிசை முழுதும் நிற்கும். அடுப்புக்குள் இருக்கும் கையுறைகள் கருகும். வெளியே இருப்பவை கழிவாகும். டெக்னீசியன் பத்தே நிமிடத்தில் பேரிங்கை மாற்றிவிடுவார். அதே இடத்துப் பேரிங் மூன்றாவது முறையாக ஏன் போனது என்பது வேறு கேள்வி. அமிலத் தொட்டியிலிருந்து எழும் ஆவி கிரீஸைக் கரைக்கிறதா, தண்டு நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கிறதா, சீல் தவறான வகையா என்று பார்க்க வேண்டும். அதிர்வை அளந்து, பழைய பழுதுப் பதிவுகளைப் புரட்டி, காரணத்தைப் பிடித்து, மாற்றத்துக்கு என்ன செலவாகும், எவ்வளவு மிச்சமாகும் என்று இரண்டு பக்க அறிக்கை எழுதி மேலாளரிடம் வைப்பவருக்குத்தான் அடுத்த பதவி போகிறது. பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் பயிற்றுவிப்பது இந்த வேலையைத்தான்.

இரண்டாவது ஆலை கேரித் தீவில் இருப்பது போன்ற செம்பனை எண்ணெய் ஆலை. பழக்குலைகளை வெட்டிய ஒரு நாளுக்குள் நீராவியில் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை இறங்கும். வேகவைக்கும் நீராவியும் சுழலியை ஓட்டி மின்சாரம் தரும் நீராவியும் ஒரே கொதிகலனிலிருந்து வருகின்றன. பழநாரையும் ஓட்டையும் எரித்து ஓடும் அந்தக் கொதிகலனைத் தகுதிச் சான்று பெற்றவர் பொறுப்பில்தான் இயக்க வேண்டும். 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1ஆம் தேதி நீக்கப்பட்டு, வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஏற்பாடுகள் வந்த பிறகும் இந்தத் தேவை தொடர்கிறது. நீராவிப் பொறியாளர் தேர்வுக்கு இயந்திரவியல் பட்டமோ டிப்ளமோவோ உள்ளவர் சீக்கிரம் போகலாம். இல்லாதவர் கீழ்நிலைச் சான்றுகளிலிருந்து பல ஆண்டுகள் ஏறி வர வேண்டும். சான்று பெற்றவர் இல்லாமல் ஆலை ஓட முடியாது என்பதால் அவருடைய பேரம் வலுவாகிறது.

இத்தகைய சான்றுகள் பெருகிக்கொண்டும் வருகின்றன. 2025 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 21,600 கிகாஜூல் அல்லது அதற்கு மேல் எரிசக்தி பயன்படுத்தும் தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் பதிவு பெற்ற எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும். கொதிகலன், குளிரூட்டி, அழுத்தக் காற்று, பம்பு ஆகியவற்றில் வீணாகும் ஆற்றலைக் கண்டுபிடிப்பது இயந்திரவியல் படித்தவரின் வேலை. பயிற்சிச் செலவுக்கும் வழி இருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்டுகின்றன. அந்த நிதியிலிருந்து ஊழியருக்குப் பயிற்சி பெறலாம். பட்டம் முதல் வாசல்; அதற்குப் பின்னால் சேரும் ஒவ்வொரு சான்றும் சம்பளத்தை ஒரு படி ஏற்றுகிறது. முதல் சம்பளத்தை மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் படிகள் எதையும் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாவது காரணத்துக்கு வரலாம். மலேசியத் திறன் சான்றிதழ் மட்டமானது என்று யாரும் சொல்ல முடியாது. குழாய் வெல்டிங்கில் உயர்நிலைச் சான்று பெற்றவர் புதிய பட்டதாரியைவிட அதிகம் வாங்குவது நடப்பதுதான். ஆனால், ஐந்து நிலைகள் கொண்ட அந்தச் சான்றிதழின் உச்சமான ஐந்தாம் நிலை உயர்நிலை டிப்ளமோவுக்குச் சமம். மேலாளர் பதவிக்கு வரும் விளம்பரத்தில் பட்டம் என்று போட்டிருந்தால் அங்கே நிற்க வேண்டியதுதான்.

தமிழ்ச் சமூகம் அந்த இடத்தில் ஏற்கெனவே நெடுங்காலம் நின்றிருக்கிறது. செந்தூல் ரயில்வே பட்டறையிலும் தோட்டத்து ஆலைகளிலும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இயந்திரங்களைக் கையால் அறிந்தவர்கள். சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லக்கூடிய ஃபிட்டர்கள் அவர்களில் இருந்தார்கள். அறிக்கை எழுதிக் கையெழுத்திடும் நாற்காலி மட்டும் பெரும்பாலும் வேறு யாருக்கோ போனது. கைத்திறன் சான்றிதழே போதும் என்ற அறிவுரை, பிள்ளைகளையும் அதே இடத்தில் நிறுத்தும் அறிவுரை.

கைத்திறனையும் பட்டத்தையும் எதிரெதிராக நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை. எஸ்.பி.எம். முடித்து, ஷா ஆலாமில் உள்ள சுல்தான் சலாஹுடின் அப்துல் அஸிஸ் ஷா போலிடெக்னிக் போன்ற இடத்தில் டிப்ளமோ எடுத்து, பிறகு மலாக்காவின் யு.டெம்., ஜொகூரின் யு.டி.எச்.எம்., பெர்லிஸின் யுனிமாப், பகாங்கில் உள்ள அல்-சுல்தான் அப்துல்லா பல்கலைக்கழகம் ஆகிய நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் ஒன்றுக்குப் போகும் வழி இருக்கிறது. பாங்கியில் கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் மலேசிய பிரான்ஸ் கழகமும் இந்தத் துறையில் இயங்குகிறது. இடையில் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் பட்டத்துக்குத் திரும்புபவர், இழக்கும் சம்பளத்தையும் குறைக்கிறார், எந்தப் பாடம் எங்கே பயன்படும் என்பதையும் தெரிந்துகொண்டு படிக்கிறார்.

இந்தப் பட்டம் நட்டத்தில் முடியும் சூழ்நிலைகளும் உண்டு. அவற்றைப் பார்த்துத்தான் பழிச்சொல் பரவியது. ஒன்று, அதிகக் கட்டணம். மேலே போட்ட கணக்கில் 30,000 ரிங்கிட்டுக்குப் பதிலாகத் தனியார் கல்லூரியில் 90,000 ரிங்கிட் ஆனால், போட்ட பணத்தை மீட்க எட்டரை ஆண்டுகள் ஆகும். சம்பளம் மெதுவாக ஏறினால் இன்னும் தள்ளிப்போகும். பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்குச் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடுதான் என்றாலும், கடன்தொகையே பெரிதாக இருந்தால் தவணை இளைஞரின் கழுத்தை நெரிக்கும். இரண்டு, அங்கீகாரம் இல்லாத படிப்பு. வாரியத்தின் அங்கீகாரமில்லாத பட்டத்துக்கு மேலே சொன்ன பதிவுகளும் சான்றுகளும் எளிதில் கிட்டா. மூன்று, படிப்புக்கும் வேலைக்கும் தொடர்பில்லாமல் போவது. மலேசியாவில் உயர்கல்வி பெற்று வேலையில் இருப்போரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தம் கல்விக்குக் கீழான வேலையில் இருப்பதாகப் புள்ளிவிவரத் துறை தொடர்ந்து பதிவு செய்து வருகிறது. இயந்திரவியல் படித்துவிட்டுப் பேரங்காடியில் தொலைபேசி விற்பவருக்குச் சம்பள ஏற்றம் வராது.

இவை மூன்றும் பட்டத்தை வாங்கிய விதத்திலும் பயன்படுத்திய விதத்திலும் உள்ள குறைகள். பட்டமே வீண் என்ற முடிவை இவற்றிலிருந்து எடுக்க முடியாது. இதே குறைகள் இருந்தால் பொறியியல் பட்டமும் கணினிப் பட்டமும் நட்டத்தில்தான் முடியும்.

ஆகவே, பிள்ளைக்கு இயந்திரப் பொறியியல் தொழில்நுட்பத்தில் இடம் கிடைத்திருக்கும் குடும்பம், கூடத்துப் பேச்சைக் கேட்டு அதை உதறிவிட வேண்டாம். பல்கலைக்கழகத்திடம் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தப் பட்டத்துக்கு எந்த வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறது, அது எந்த ஆண்டு வரை செல்லும்? நான்கு ஆண்டுக்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு, அதில் கடன் எவ்வளவு? தொழிற்சாலைப் பயிற்சி எத்தனை மாதம், எந்த ஆலைகளில்? கடந்த ஆண்டுகளில் படித்தவர்கள் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்கள்? பதில்கள் தெளிவாகவும் கடன் அளவாகவும் இருந்தால் இடத்தை ஏற்றுக்கொள்ளலாம். வேலையில் சேர்ந்த முதல் ஐந்து ஆண்டுக்குள் ஒரு தகுதிச் சான்றாவது எடுத்துவிட வேண்டும் என்பதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். அப்படி எடுக்கப்படும் இந்தப் பட்டம் போட்ட பணத்தைத் திருப்பித் தரும்.